லெஜண்ட்: படியைத் தடுக்க வந்த பெயர்

‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தில் ஒவ்வொரு சீட்டிலும் படத்துக்குக் கீழே ஒற்றை வரி ஒன்று இருக்கும். அந்தச் சீட்டு என்ன வகை என்பதை அது சொல்லும். ஆட்டம் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தபோது, உயிர்களைக் குறிக்கும் சீட்டுகளில் அந்த வரி பொதுப்பெயராகவே இருந்தது. ‘செர்ரா ஏஞ்சல்’ என்ற சீட்டில் ‘சம்மன் ஏஞ்சல்’ என்றும், ‘ஷிவன் டிராகன்’ என்ற சீட்டில் ‘சம்மன் டிராகன்’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். ஆடுபவர் ஒரு மந்திரவாதி. தம் ஆற்றலைச் செலவிட்டு ஏதோ ஒரு தேவதையையோ டிராகனையோ வரவழைக்கிறார் என்பது கற்பனை. மறு ஆண்டு ஜூனில் அந்த வரியில் அதுவரை இல்லாத சொல் ஒன்று ஏறியது: ‘சம்மன் லெஜண்ட்’. இனப்பெயர் நிற்க வேண்டிய இடத்தில் எந்த இனத்தையும் குறிக்காத சொல். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சொல் பெயராக இருந்து பெயரடை ஆயிற்று; அதனோடு பிணைந்திருந்த விதி மூன்று வடிவம் எடுத்தது. ஒரு சொல்லின் வாழ்க்கை இவ்வளவு தெளிவான தேதிகளோடு கிடைப்பது அரிது. ஆகவேதான் இதை எழுதத் தோன்றியது.

சொல்லைக் கொண்டுவந்த தொகுப்பின் பெயரே ‘லெஜண்ட்ஸ்’. உருவாக்கியவர்கள் ஸ்டீவ் கானர்ட், ராபின் ஹெர்பர்ட் என்ற இருவர். மேசையைச் சுற்றி அமர்ந்து கதைமாந்தராகவே பேசி விளையாடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் வளர்ந்த பாத்திரங்களை அவர்கள் சீட்டுகளில் ஏற்றினார்கள். அத்தகைய மேசையில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டாம் ஆள் கிடையாது. அதை ஆடுபவர் ஒருவர். அது பிறந்து, வளர்ந்து, செத்தால் கதை முடிந்தது. ஆனால் அதே பாத்திரம் அச்சுக்கூடத்துக்குப் போனால் என்ன ஆகும்? மேஜிக் சீட்டுகளை அந்நாளில் அச்சிட்டது பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரில் உள்ள கார்ட்டா முண்டி நிறுவனம். ஓர் அச்சுத்தாளில் 11 வரிசை, வரிசைக்கு 11 சீட்டு, ஆக 121. லெஜண்ட்ஸ் தொகுப்பின் 310 சீட்டுகளில் அரியவை சரியாக 121. அதாவது ஒரு தாள். ‘நிகோல் போலாஸ்’ என்ற முதுபெரும் டிராகன் அந்தத் தாளில் ஒரு கட்டத்தில் இருந்தது. தாள் இயந்திரத்தில் ஓடிய ஒவ்வொரு முறையும் இன்னொரு நிகோல் போலாஸ் பிறந்தது. கடையில் வாங்கிய இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் அதையே இறக்கினால்?

ஏஞ்சல் என்ற பொதுப்பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. தேவதைகள் பலர் இருக்கலாம். நிகோல் போலாஸ் சிறப்புப்பெயர். நம் இலக்கணம் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று பிரித்துச் சொல்வதைத்தான் இந்த ஆட்டமும் விதியாக்க வேண்டியிருந்தது. விதிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. வேறு ஆட்டங்கள் இதே தேவையை வேறு வகையில் தீர்த்துக்கொண்டன. டெசிஃபர் நிறுவனம் 1995-இல் கொண்டுவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ சீட்டாட்டத்தில், சீட்டின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் அது ஒற்றையர். இரண்டு புள்ளி என்றால் இருவர் வரை, மூன்று புள்ளி என்றால் மூவர் வரை. ஐயத்துக்கு இடமில்லாத, அழகான முறை அது. ஆனால் புள்ளிக்கு வரலாறு கிடையாது. லெஜண்ட் என்ற சொல்லுக்கு எழுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு விதிக்கு நேர் எதிரான திசையில் ஓடிவந்தது.

லத்தீனில் ‘லெகெரெ’ என்றொரு வினைச்சொல். சேர்த்தல், பொறுக்கியெடுத்தல், படித்தல் என்ற மூன்று பொருளும் அதற்கு உண்டு. எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்ப்பதே படிப்பு என்ற எண்ணம் பின்னால் இருந்திருக்கும். நாம் அன்றாடம் சொல்லும் கலெக்‌ஷன், செலக்‌ஷன், லெக்சர் ஆகிய மூன்றும் அந்த ஒரே வேரின் பிள்ளைகள். மூத்த பிள்ளை ‘லெகெண்டா’. படிக்கப்பட வேண்டியவை என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவின் மடங்களில் புனிதர் ஒருவரின் திருநாள் வந்தால் அவருடைய வாழ்க்கையைச் சபையில் உரக்கப் படிப்பார்கள். அந்த வாழ்க்கைக் கதைதான் லெகெண்டா. 13-ஆம் நூற்றாண்டில் வொராஜினே ஊரைச் சேர்ந்த யாகோபுஸ் என்ற துறவி இத்தகைய கதைகளைத் திரட்டினார். ‘லெகெண்டா அவ்ரெயா’, பொற்கதைகள் என்று பெயர் பெற்ற அந்த நூலுக்கு ஆயிரத்தை ஒட்டிய கையெழுத்துப்படிகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 1483-இல் வில்லியம் காக்ஸ்டன் அதை ஆங்கிலத்தில் அச்சேற்றினார். அந்நாளில் ஒரு லெஜண்ட் உயிரோடு இருந்தது படியெடுக்கப்பட்டதால்தான். படியெடுக்கப்படாத கதை மடத்தின் சுவரைத் தாண்டியதில்லை. தமிழில் படிப்பதற்கும் பிரதிக்கும் ‘படி’ என்ற ஒரே ஒலியே இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. லெகெண்டா இரண்டுக்கும் நடுவில் பிறந்த சொல்.

பிறகு பொருள் நகர்ந்தது. புனிதர்களின் கதைகளை ஐயத்தோடு பார்த்த காலத்தில், சான்றில்லாத பழங்கதை என்ற நிறம் அதற்கு ஏறியது. இருபதாம் நூற்றாண்டில் கதையிலிருந்து ஆளுக்குத் தாவியது: கதைகளில் பேசப்படத் தக்கவர் என்ற நிலை மாறி, அந்த ஆளே லெஜண்ட் ஆனார். இன்று தமிழ்ப் பேச்சில் ‘அவர் ஒரு லெஜண்டு’ என்கிறோமே, அதுவும் இந்தக் கடைசிப் பொருள்தான். கானர்டும் ஹெர்பர்டும் எடுத்துக்கொண்டது இதையே. ஆக, படிகளால் வாழ்ந்த ஒரு சொல், 1994-இல், இரண்டாம் படி இருக்கக் கூடாது என்று காவல் காக்கும் வேலைக்கு வந்தது. தொகுப்பை உருவாக்கியவர்கள் இந்த முரணை எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் சொல் தன் பழைய இயல்பை விடவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

முதல் விதி முன்னவருக்கு முதலிடம் தந்தது. களத்தில் ஒரு லெஜண்ட் இருக்கும்போது அதே பெயரில் இன்னொன்று வந்தால், பின்னால் வந்தது இடுகாட்டுக்குப் போகும். இடுகாடு என்பது தீர்ந்துபோன சீட்டுகளின் குவியலுக்கு ஆட்டத்தில் உள்ள பெயர். யார் இறக்கினார்கள் என்பது பொருட்டில்லை; எதிராளி முந்திக்கொண்டால் உங்கள் கையில் உள்ள சீட்டு பயனற்றது. இதே தொகுப்பில் ‘என்சாண்ட் வேர்ல்ட்’ என்ற இன்னொரு புது வகையும் வந்தது. அது ஆட்டம் நடக்கும் உலகத்தையே மாற்றும் மந்திரம். அதிலும் ஒரே நேரத்தில் ஒன்றுதான் இருக்கலாம். ஆனால் அங்கே புதியது வந்தால் பழையது அழியும். ஆளுக்கு மூப்பு, உலகுக்குப் புதுமை. ஒரே தொகுப்பில் எதிரெதிரான இரண்டு விதிகளை வைத்ததில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது: உலகம் மாறினால் பழைய உலகம் இல்லை, ஆனால் ஒருவர் உயிரோடு எதிரில் நிற்கும்போது அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர் போலிதான்.

இந்த விதி களத்தைப் பற்றியது. ஆடுபவர் தம் சீட்டுக்கட்டில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது தனிக் கேள்வி, அதற்கும் அப்போதுதான் விடை உருவாகிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைப் படைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணித முனைவர். அவருடைய முதல் விதிகளில் ஒரே சீட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆட்களிடம் சில பொட்டலச் சீட்டுகள்தான் இருக்கும், அரியவை தாமாகவே அரிதாக இருக்கும் என்று கருதினார்கள். முதல் தொகுப்பிலேயே ‘பிளேக் ராட்ஸ்’ என்ற சீட்டு உண்டு. களத்தில் அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை அதற்கு வலிமை. கொள்ளைநோய் எலிகள் பெருகத்தானே வேண்டும்! ஆனால் மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், மாற்றிக்கொண்டார்கள், ஒரே வலிய சீட்டால் கட்டை நிரப்பினார்கள். 1994 தொடக்கத்தில் போட்டிகளை நடத்த அமைந்த குழு, ஒரு பெயருக்கு நான்கு சீட்டு என்று வரம்பு கட்டியது. அடிப்படை நிலச் சீட்டுகளுக்கு மட்டும் விலக்கு. மிக வலியவற்றுக்குக் கட்டுக்கு ஒன்று. லெஜண்டுகள் எல்லாமே தொடக்கத்தில் இந்த ஒன்று என்ற பட்டியலில்தான் இருந்தன. பின்னர் அந்தத் தளை கழற்றப்பட்டு, அவையும் நான்கு வரை போகலாம் என்றாயிற்று. அந்த நாளில்தான் சொல்லுக்கும் பொருளுக்கும் முதல் விரிசல் விழுந்தது என்பேன். உலகில் ஒருவரே என்று பெயர் சூட்டிவிட்டு, உங்கள் கையில் நால்வரை வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரை மட்டும் வெளியே விடுங்கள் என்று விதி சொன்னது.

சந்தையிலும் படிப் பிரச்சினை எழுந்தது. 1995-இல் ‘க்ரானிக்கிள்ஸ்’ என்ற தொகுப்பில் பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டபோது, நிகோல் போலாஸ் உள்ளிட்ட ஐந்து முதுபெரும் டிராகன்களும் வெள்ளை விளிம்போடு திரும்பி வந்தன. கறுப்பு விளிம்புச் சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு, இன்னின்ன சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிட மாட்டோம் என்று ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் பட்டியலோடு வாக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியல் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. களத்தின் விதி பெயரைப் பார்த்தது. சேகரிப்பவர்கள் தாளையும் மையையும் விளிம்பின் நிறத்தையும் பார்த்தார்கள். இரண்டு தனித்தன்மைகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

முன்னவருக்கு முதலிடம் என்ற விதி, ஆட்டம் கூர்மையாக ஆக ஆகக் கசந்தது. 2000-இல் வந்த ‘நெமிசிஸ்’ தொகுப்பில் லின் சிவ்வி என்ற கலகத் தலைவி இருந்தாள். கட்டிலிருந்து தன் கூட்டாளிகளைத் தேடி நேரே களத்துக்குக் கொண்டுவரும் ஆற்றல் அவளுக்கு. இரண்டு கலகக் கட்டுகள் மோதினால், லின் சிவ்வியை முதலில் இறக்கியவர் எதிராளியின் லின் சிவ்விகள் அத்தனையையும் கையிலேயே முடக்கிவிடுவார். யார் முதலில் ஆடுவது என்று பகடை உருட்டுவதிலேயே பாதி ஆட்டம் முடிந்துபோயிற்று. அவ்வாண்டே, அந்தத் தொகுப்பையும் அதன் துணைத் தொகுப்புகளையும் மட்டும் கொண்டு ஆடும் போட்டிகளில் லின் சிவ்வி தடைசெய்யப்பட்டாள். அவள் வலியவள் என்பது ஒரு காரணம். அவள் ஒருத்தியே என்று பெயர் சொன்னது அந்த வலிமையை இரட்டிப்பாக்கியது.

மாற்றம் 2004 அக்டோபரில் வந்தது; இம்முறை இலக்கணமும் சேர்ந்து மாறியது. ஜப்பானியத் தொன்மங்களைப் பின்புலமாகக் கொண்ட ‘சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா’ தொகுப்பில் பெயருள்ள மாந்தர்கள் திரளாக வந்தார்கள். அத்தனை பேருக்கும் இனப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லெஜண்ட் என்றே போட்டால் அவர் மனிதரா, பாம்பா, ஆவியா என்று எப்படித் தெரியும்? லெஜண்ட் என்ற இனம் நீக்கப்பட்டது. அதற்கு மாறாக ‘லெஜண்டரி’ என்ற அடை, ‘கிரியேச்சர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஏறியது. இந்த அடை புதிதல்ல. 1994-இலேயே கரகாஸ், டொலேரியா போன்ற இடங்களின் சீட்டுகளில் ‘லெஜண்டரி லேண்ட்’ என்றுதான் இருந்தது. ஓர் ஆளை லெஜண்ட் என்று அழைக்க ஆங்கிலம் இடம் கொடுத்தது, ஒரு நிலத்தை அப்படி அழைக்க நா எழவில்லை போலும். பத்தாண்டு கழித்து நிலத்தின் அடை ஆட்களையும் பற்றிக்கொண்டது. 2007-இல் உயிர்ச்சீட்டுகளின் வகைகளைப் பெருமளவில் சீர்திருத்தியபோது, பழைய லெஜண்டுகள் பலருக்கு மனிதர், போர்வீரர் என்று இனமும் தொழிலும் வழங்கினார்கள். அதுவரை அவர்களுக்குப் புகழ் மட்டும்தான் அடையாளம்.

அடையாக மாறியபோது சொல்லின் எடையும் மாறியது. பெயர்ச்சொல்லாக இருந்தபோது லெஜண்ட் என்பது ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதைச் சொன்னது. பெயரடையான பிறகு, அவருக்கு உள்ள பண்புகளில் ஒன்றாயிற்று. பண்பை எடுக்கலாம், கொடுக்கலாம், தவிர்க்கலாம். விதிப்புத்தகத்தில் மட்டும் பழைய பெயர்ச்சொல் ஓர் இடத்தில் அப்படியே உறைந்து கிடக்கிறது. சீட்டுகளிலிருந்து லெஜண்ட் என்ற இனம் போய்விட்ட பிறகும் விதிக்குப் பெயர் ‘லெஜண்ட் விதி’தான். ஜப்பானியச் சீட்டுகளில் இதே அடை ‘தென்செத்ஸு நோ’ என்று வருகிறது. அதன் எழுத்துகளைப் பிரித்தால், வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது என்று பொருள் கிடைக்கும். லத்தீன் படித்தது, ஜப்பான் சொன்னது. ஒரே விதி இரண்டு மொழியில் இரண்டு வேறு வழக்கங்களின் மேல் நிற்கிறது.

புது விதி கடுமையானது. அதே பெயரில் இரண்டு லெஜண்டரிகள் களத்தில் இருந்தால் இரண்டும் இடுகாட்டுக்குப் போகும். மூப்புக்கு மதிப்பில்லை, முந்தியவருக்கு ஆதாயமில்லை. நியாயம்தான். ஆனால் இதனால் படியெடுக்கும் சீட்டுகளின் குணமே தலைகீழானது. ‘குளோன்’ என்ற சீட்டு முதல் தொகுப்பிலிருந்தே உண்டு. களத்தில் உள்ள ஓர் உயிரின் உருவத்தை எடுத்துக்கொண்டு வரும். சொல் கிரேக்கத்தில் சுள்ளியைக் குறித்தது. கிளையை ஒடித்து நட்டு வளர்க்கும் செடிகளுக்காக 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். முதல் விதியின் காலத்தில் லெஜண்டைப் பார்த்து வந்த குளோன், பின்வந்தது என்பதால் உடனே தானே செத்தது. 2004-க்குப் பிறகு அது தன்னோடு மூலத்தையும் கொண்டுபோயிற்று. எந்த மந்திரத்தாலும் குறிவைக்க முடியாத வீரர்களை வீழ்த்த, அவர்களைப் போலவே ஆகிவிடுவது வழியாயிற்று. குளோன் யாரையும் குறிவைப்பதில்லை, பார்த்துப் படியெடுக்கிறது, அவ்வளவே. பிறகு இரண்டு பேரையும் விதியே அப்புறப்படுத்திவிடும். அது அழித்தலும் அல்ல, பலியும் அல்ல, இடுகாட்டில் வைத்தல். அதனால் அழியாவரம் பெற்றவர்களும் தப்பவில்லை.

புகழேந்தியின் நளவெண்பா தெரிந்தவர்களுக்கு இங்கே தமயந்தியின் சுயம்வரம் நினைவுக்கு வரும். தேவர்கள் நளனின் உருவிலேயே வந்து அமர்ந்தபோது, இமைக்கும் கண்ணும் வாடும் மாலையும் கண்டு அவள் உண்மை நளனை அறிந்தாள். லெஜண்ட் விதிக்கு அந்தக் கண் இல்லை. படியெடுக்கும் சீட்டு என்ன எடுத்துக்கொள்கிறது என்று விதிப்புத்தகம் பட்டியலிடுகிறது: பெயர், விலை, நிறம், வகை, லெஜண்டரி என்ற அடை, எழுதியுள்ள ஆற்றல்கள். மூலத்தின் மேல் ஆட்டத்தில் ஏறிய காயங்களோ, வைத்த குறிகளோ, வாழ்ந்த வாழ்வோ படியில் வராது. ஆனால் பெயர் வந்துவிட்டால் விதியின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே.

இந்தப் பெயர்ப்பற்றை வைத்து காமிகாவாவிலேயே அழகான சீட்டுகள் செய்தார்கள். ‘பிரதர்ஸ் யமசாகி’ என்ற சகோதரர் இருவருக்கு ஒரே பெயரில் இரண்டு படங்கள். களத்தில் அந்தப் பெயரில் சரியாக இரண்டு இருந்தால் மட்டும் லெஜண்ட் விதி அவர்களைத் தொடாது, மூன்றாவது வந்தால் அன்றைய விதிப்படி எல்லாரும் போக வேண்டியதுதான். 2005-இல் வந்த ‘மிரர் கேலரி’ விதியையே முழுதாக நிறுத்தி வைத்தது. அதே ஆண்டின் சகாஷிமா என்ற ஆள்மாறாட்டக்காரன் யாருடைய உருவத்தையும் எடுப்பான், தன் பெயரை மட்டும் விடமாட்டான். அதனால் அவன் படியெடுத்த லெஜண்டோடு அவனே பக்கத்தில் நிற்கலாம். பெயர்தான் எல்லை என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சீட்டு இல்லை.

2013 ஜூலையில் மூன்றாம் விதி வந்தது, இன்றும் அதுவே. ஒரே ஆட்டக்காரரிடம் அதே பெயரில் இரண்டு லெஜண்டரிகள் இருந்தால், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வார், மற்றவை இடுகாட்டுக்குப் போகும். எதிராளியிடம் இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு பேரிடமும் நிகோல் போலாஸ் இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளலாம். உலகில் ஒருவர் என்பது ஆளுக்கு ஒருவர் என்று சுருங்கியது. கதையின் பக்கம் நின்று பார்த்தவர்கள் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் புரிகிறது, ஆனால் நான் இந்த விதியின் பக்கம். விதியின் நடுவில் இருக்கும் செயல் இப்போது தேர்ந்தெடுத்தல். சேர், பொறுக்கு, படி என்று லெகெரெக்கு மூன்று பொருள் பார்த்தோம். சொல்லின் வேரில் கிடந்த பொறுக்கியெடுக்கும் வினை, ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி விதிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதியவர்கள் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். மொழியில் இப்படி நேர்வதுண்டு.

தேர்வு என்று வந்ததும் படி மூலத்தை வெல்லும் காலமும் வந்தது. ‘டார்க் டெப்த்ஸ்’ 2006-இல் வந்த ஒரு லெஜண்டரி நிலம். பத்துப் பனிக்குறிகளோடு இறங்கும்; குறிகள் அத்தனையும் தீர்ந்தால் நிலத்தைப் பலி கொடுத்து, உள்ளே உறைந்திருக்கும் மாரிட் லாகே என்ற பேருருவை 20 வலிமையோடு எழுப்பலாம். ஒவ்வொரு குறியாக நீக்க, மானா என்ற மந்திர ஆற்றல் நிறைய வேண்டும். 2013 தொடக்கத்தில் ‘தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ்’ என்ற நிலம் வந்தது. வேறொரு நிலத்தின் படியாக மாறக்கூடியது. அது டார்க் டெப்த்ஸாக மாறினால், படியில் குறிகள் வராது என்பதால் பனியே இல்லாத டார்க் டெப்த்ஸ் ஒன்று பக்கத்தில் நிற்கும். பழைய விதியில் இரண்டும் அழிந்திருக்கும். புது விதியில் ஆட்டக்காரர் படியை வைத்துக்கொண்டு மூலத்தை இடுகாட்டுக்கு அனுப்புகிறார். பனியில்லாத படி உடனே உடைந்து மாரிட் லாகே எழுகிறது. போலியைத் தடுக்க வந்த விதியே போலிக்கு முடிசூட்டுகிறது. இந்த ஆட்டத்தில் நான் மிகவும் விரும்பும் காட்சி இதுதான்.

பெயரின் ஆட்சி பிறகு இன்னும் விரிந்தது. பிளேன்ஸ்வாக்கர் என்ற உலகம் தாவும் மந்திரவாதிகள் 2007-இல் வந்தபோது அவர்களுக்குத் தனி விதி. பெயர் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜேஸ் என்ற ஆளாக இருந்தால் போதும். ‘ஜேஸ் பெலரென்’ என்ற இளைய சீட்டை இறக்கி, எதிராளியின் ‘ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்’ என்ற வலிய சீட்டைத் தன்னோடு சேர்த்து வீழ்த்துவது அக்காலத்தில் நல்ல உத்தி. அந்த விதி ஆளைப் பார்த்தது. 2017-இல் ‘இக்ஸலன்’ தொகுப்போடு அது கைவிடப்பட்டு, பிளேன்ஸ்வாக்கர்கள் எல்லாரும் லெஜண்டரி ஆனார்கள். இப்போது ஒரே ஆட்டக்காரரிடம் அந்த இரண்டு ஜேஸும் சேர்ந்து நிற்கலாம், முழுப்பெயர் வேறு என்பதால். 2018-இன் ‘டொமினேரியா’ தொகுப்பில் மந்திரங்களுக்கே லெஜண்டரி அடை கிடைத்தது. மந்திரம் களத்தில் தங்குவதில்லை, சொன்னதும் தீர்ந்துபோகும். ஆகவே லெஜண்ட் விதி அதைத் தொட வழியே இல்லை. லெஜண்டரி உயிரோ பிளேன்ஸ்வாக்கரோ துணைக்கு இருந்தால்தான் அந்த மந்திரத்தைச் சொல்ல முடியும் என்பதே அங்கே அடைக்குப் பொருள். தனித்தன்மை என்ற பொருள் முழுதாகக் கழன்று, பெருமை மட்டும் மிஞ்சியது. ‘லெஜண்டரி இல்லை என்பது தவிர மற்றபடி அதே’ என்று படியெடுக்கும் சீட்டுகளும் வந்தன. அடையை மட்டும் உரித்துவிட்டு ஆளை எடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டின் பக்கம் நடந்தது வேறு கதை. நான்கு என்ற வரம்பைக் கதைக்காகத் தளர்த்திய சீட்டுகள் எனக்குப் பிடிக்கும். 2004-இன் ‘ரெலண்ட்லெஸ் ராட்ஸ்’ எத்தனை வேண்டுமானாலும். பழைய எலிகளுக்குக் கிடைத்த நீதி. 2019-இன் ‘செவன் ட்வார்வ்ஸ்’ ஏழு வரை. 2023-இல் டோல்கீனின் உலகத்தை வைத்து வந்த தொகுப்பில் ‘நாஸ்கூல்’ ஒன்பது வரை, மோதிரம் பெற்ற மனிதர் ஒன்பது பேர் என்பதால். இன்னொரு பக்கம், எல்லாச் சீட்டும் ஒன்றே ஒன்று என்ற ஆட்டமுறை ஆட்டக்காரர்களிடமிருந்தே எழுந்தது. நூறு சீட்டுக் கட்டு, அடிப்படை நிலங்கள் தவிர எதுவும் இருமுறை வரக் கூடாது, தலைவராக ஒரு லெஜண்ட். தொடக்கத்தில் தலைவர்களாக இருந்தவை லெஜண்ட்ஸ் தொகுப்பின் ஐந்து முதுபெரும் டிராகன்களே. அதனால் ‘எல்டர் டிராகன் ஹைலாண்டர்’ என்று பெயர். சாவில்லாதவர்கள் ஒருவரையொருவர் வென்று கடைசியில் ஒருவரே மிஞ்சும் 1986-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தது ஹைலாண்டர். 2011-இல் நிறுவனம் இதை ‘கமாண்டர்’ என்று பெயர் மாற்றித் தானே கட்டுகளை வெளியிட்டது. களத்தில் விதி தளர்ந்துகொண்டே போன காலத்தில், ஒருவரே என்ற பழைய ஆசை கட்டுக்குள் போய்க் குடியேறியிருக்கிறது.

டோல்கீன் தொகுப்பில் ‘த ஒன் ரிங்’ சீட்டை, 001/001 என்று எண்ணிட்டு, உலகுக்கு ஒன்றே ஒன்றாகவும் அச்சிட்டார்கள். பாடகர் போஸ்ட் மலோன் அதை வாங்கினார். ஆனால் அதே பெயரில் சாதாரணச் சீட்டுகள் கடைகளில் ஏராளமாகக் கிடைத்தன. விதி எண்ணைப் பார்ப்பதில்லை; பெயரைத்தான் பார்க்கிறது. அந்த ஒற்றைச் சீட்டும் விதியின் முன் நான்கில் ஒன்று.

பெயராலும் தாளாலும் ஒருசேர ஒன்றே ஒன்றான சீட்டு அதற்கு வெகு முன்பே இருந்தது. 1996-இல் சியாட்டிலில் நடந்த உலகப் போட்டியில் வென்ற ஆஸ்திரேலியர் டாம் சான்ஃபெங்குக்குப் பரிசுக் கேடயத்தில் பதித்துக் கொடுத்த சீட்டு அது. பெயர் ‘1996 வேர்ல்ட் சாம்பியன்’. ஒரே ஒரு படி. வகை வரியில் அந்நாளின் வழக்கப்படி ‘சம்மன் லெஜண்ட்’. போட்டிகளில் ஆட முடியாத சீட்டு என்றாலும், விதிகளை அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். எதிராளி குளோனை இறக்கி அதன் உருவத்தை எடுத்தால், 1996-இன் விதிப்படி குளோன் போகும், சாம்பியன் நிற்கும். 2004-இன் விதிப்படி இருவரும் போவார்கள். இன்றைய விதிப்படி இருவரும் நிற்பார்கள். சாம்பியனை வைத்திருப்பவரே குளோனையும் இறக்கினால், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உலகில் உள்ள ஒரே சீட்டை இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டுப் படியை வைத்துக்கொள்ளவும் விதி அவருக்கு இடம் தருகிறது.